மின்சாரக் காரின் பின்கண்ணாடி



வானொலியில் பேச வருபவர்கள் பெரும்பாலும் பெரிய பொருள்களையே எடுத்துக்கொள்வார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு காரின் பின்பக்கத்துக் கண்ணாடி. அதுவும் உடைந்துபோன கண்ணாடி. கார் என்னுடையது, மின்சாரத்தால் ஓடுவது. சென்ற ஆண்டு கோடை விடுமுறை முடிந்து எங்கள் கல்லூரி திறந்த வாரத்தில், மைதானத்தின் ஓரத்தில் ஒரு வேப்பமரத்தடியில் அதை நிறுத்திவிட்டு வகுப்புக்குப் போயிருந்தேன். இரண்டு மாதம் ஆளில்லாமல் கிடந்த மைதானத்தில் புல் முழங்கால் அளவு வளர்ந்திருந்தது. அதை வெட்டும் இயந்திரத்தின் இரைச்சல் வகுப்பறைவரை கேட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று அந்த இரைச்சல் நின்றது. சிறிது நேரத்தில் ஒரு மாணவர் ஓடிவந்து, "ஐயா, உங்கள் வண்டியின் கண்ணாடி கொட்டிவிட்டது" என்றார்.

"உடைந்துவிட்டது" என்று அவர் சொல்லவில்லை, "கொட்டிவிட்டது" என்றார். போய்ப் பார்த்தபோது அந்தச் சொல்லே பொருத்தமானது என்று தெரிந்தது. கத்திபோன்ற சில்லுகள் எவையும் இல்லை. கற்கண்டை உடைத்துக் குவித்தாற்போல, சிறு சிறு மணிகளாக வண்டியின் பின்னிருக்கையிலும் தரையிலும் கண்ணாடி கொட்டிக் கிடந்தது.

புல் வெட்டிக்கொண்டிருந்த தொழிலாளி அங்கேயே நின்றுகொண்டிருந்தார். அவர் கையில் ஒரு கல் இருந்தது. அது கொண்டைக்கடலை அளவுதான் இருக்கும். "ஐயா, இதுதான் தெறித்தது. இவ்வளவு சின்னக் கல் பட்டு இத்தனை பெரிய கண்ணாடி போகும் என்று எனக்குத் தெரியாது" என்றார். அவர் குரல் நடுங்கியது. பக்கத்தில் நின்ற மேற்பார்வையாளர் இதை நம்பவில்லை. இயந்திரத்தின் கைப்பிடியைக் கண்ணாடியில் இடித்துவிட்டுக் கல்லின்மேல் பழி போடுகிறார் என்பது அவர் கருத்து. கண்ணாடியின் விலையை அந்த மனிதரின் கூலியிலிருந்து மாதந்தோறும் பிடித்துக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிட்டார். உண்மையைச் சொல்லுகிறேன்: அந்த நிமிடத்தில் எனக்கும் கோபம் இருந்தது, எனக்கும் அவர் பொய் சொல்லுவதாகவே தோன்றியது.

குனிந்து ஒரு பிடி மணிகளை அள்ளிப் பார்த்த பிறகுதான், நான் வகுப்பிலே பலமுறை சொல்லிக்கொடுத்த பாடம் என் நினைவுக்கு வந்தது.

காரின் பின்கண்ணாடி பெரும்பாலான வண்டிகளில் நம் வீட்டுச் சன்னல் கண்ணாடியைப் போன்றது அன்று. அது பதமிட்ட கண்ணாடி. தகட்டை வேண்டிய அளவுக்கு வெட்டி, விளிம்பைத் தேய்த்து, 600 டிகிரி செண்டிகிரேடுக்கு மேல் காய்ச்சி, வளைத்து, பிறகு அதன் இரு முகங்களிலும் குளிர்ந்த காற்றைச் சடுதியில் பாய்ச்சுவார்கள். வெளிப்புறம் உடனே இறுகிவிடும். உட்புறமோ இன்னும் சூடாக இருக்கும். அது மெல்லக் குளிர்ந்து சுருங்க முயலும்போது, முன்பே இறுகிவிட்ட வெளிப்புறம் அதற்கு இடங்கொடாது. ஆகவே வெளித்தோல் நிரந்தரமாக அமுக்கப்பட்ட நிலையிலும், உள்ளிருக்கும் கண்ணாடி நிரந்தரமாக இழுக்கப்பட்ட நிலையிலும் நின்றுவிடுகின்றன. கண்ணாடி அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. அமுக்கப்பட்ட தோல் ஒரு கவசம் போல இருப்பதனால், சாதாரணக் கண்ணாடியைவிட இது ஏறத்தாழ நான்கு மடங்கு வலிமையுடையது. அந்தக் கவசமோ, ஒவ்வொரு பக்கத்திலும் தகட்டின் பருமனில் ஐந்தில் ஒரு பங்குதான். காரின் பின்கண்ணாடியில் அது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு.

ஒரு பெரிய பந்து அடித்தால், அந்த அடி பரவலாக விழுகிறது, கவசம் தாங்கிக்கொள்ளும். கூரான, கடினமான சிறு கல் விரைந்து வந்து ஒரே புள்ளியில் தைத்தால் கவசம் துளைபடும். உள்ளே காத்திருக்கும் இழுவிசைக்கு அந்தத் துளை போதும். மீதி வேலையைக் கண்ணாடி தானே செய்துகொள்ளும். அலகு சுழன்று வெட்டும் புல்வெட்டி இயந்திரத்தில் அலகின் நுனி மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் சுற்றுகிறது. அது தட்டிவிட்ட கொண்டைக்கடலைக் கல் என்ன செய்யும் என்பதை இனி நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இந்த விந்தையை ஐரோப்பாவில் 17ஆம் நூற்றாண்டிலேயே ஒரு விளையாட்டுப் பொருளில் கண்டிருந்தார்கள். உருகிய கண்ணாடியைத் துளியாகத் தண்ணீரில் விட்டால், தலைப்பிரட்டை வடிவில் ஒரு மணி கிடைக்கும். அதன் தலையைச் சம்மட்டியால் அடித்தாலும் உடையாது. வாலை மட்டும் கிள்ளிவிட்டால் முழு மணியும் வெடித்துத் தூளாகிவிடும். இளவரசர் ரூப்பர்ட் என்பவர் 1660இல் இதை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். மறு ஆண்டே அரசர் இரண்டாம் சார்லஸ் இதை ராயல் சொசைட்டியின் ஆராய்ச்சிக்கு அனுப்பினார். ஆனால் உடையும்போது உள்ளே நிகழ்வதைக் கண்ணால் காண மூன்று நூற்றாண்டுகளுக்குமேல் காத்திருக்க வேண்டியிருந்தது. சந்திரசேகர், சௌத்ரி என்னும் இரு விஞ்ஞானிகள் மிக விரைந்த படக்கருவிகளைக்கொண்டு படம்பிடித்து 1994இல் தம் முடிவை வெளியிட்டார்கள். விரிசல் விநாடிக்கு 1,450 மீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் ஓடுகிறது என்று கண்டார்கள். மேற்பார்வையாளர் "ஒரு கல்லா இத்தனையையும் உடைத்தது?" என்று கேட்டார் அல்லவா? கல் உடைத்தது ஓர் ஊசிமுனை அளவுதான். மற்றதையெல்லாம் உடைத்த விசை, தொழிற்சாலையில் கண்ணாடி பிறந்த அன்றே அதற்குள் வைத்து மூடப்பட்டது.

இதை அவரிடம் பத்து நிமிடம் நின்று விளக்கினேன். அவருக்கு முழுவதும் விளங்கியதோ, அல்லது என் பேச்சு எப்போது முடியும் என்று இருந்ததோ, நான் அறியேன். கூலியில் பிடிப்பதில்லை என்று ஒப்புக்கொண்டார். என் வண்டிக்குக் காப்புறுதி இருந்தது. செலவில் பெரும்பகுதியை அது ஏற்றது.

"அப்படியானால் முன்கண்ணாடி மட்டும் ஏன் கொட்டுவதில்லை?" என்று உங்களில் சிலர் கேட்கலாம். அது வேறு சாதி. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிசின் போன்ற ஒரு மெல்லேட்டை வைத்து ஒட்டியது. பிரெஞ்சு வேதியியல் அறிஞர் பெனடிக்டஸ் என்பவரின் சோதனைச்சாலையில் 1903இல் ஒரு குடுவை கீழே விழுந்து, உடைந்தும் சிதறாமல் கிடந்தது. உள்ளே காய்ந்திருந்த செல்லுலோஸ் நைட்ரேட்டு ஏடு சில்லுகளைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதிலிருந்து பிறந்தது அந்த வகை. ஓட்டுநர் உடைந்த பிறகும் அதன் வழியே பார்த்து வண்டியை ஓரங்கட்ட முடியும்.

இனிப் புதுக் கண்ணாடி போட்ட கதைக்கு வருவோம். பதமிட்ட கண்ணாடியை வாங்கிவந்து வெட்டி அளவு செய்ய முடியாது. வெட்டினால் என்ன ஆகும் என்பது இப்போது உங்களுக்கே தெரியும். ஆகவே அந்த வண்டிக்கென்றே வார்த்த கண்ணாடியை வரவழைக்க வேண்டும். அது வர நான்கு நாள் ஆயிற்று. அதற்குள் இரண்டு பட்டறைகளில் விசாரித்தேன். முதற் பட்டறையில், "ஒரு மணி நேரத்தில் போட்டுத் தருகிறோம், உடனே ஓட்டிப் போகலாம்" என்றார்கள். இரண்டாவது பட்டறையில் இருந்த முதியவர், "இன்று மாலை போடுவேன், நாளை மாலை வந்து எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். விரைவில் இறுகும் பசைகளும் உண்டு. ஒரு மணி நேரத்தில் ஓட்டத் தக்கவையும் அவற்றில் உண்டு. ஆகவே முதற் பட்டறைக்காரர் சொன்னது தவறென்று சொல்ல முடியாது. ஆனால் என்ன பசை என்று கேட்டேன்; அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. முதியவரோ, கேட்பதற்கு முன்பே பசைக்குழாயை எடுத்து, அது காலாவதியாகும் நாளைக் காட்டினார். என் பேரக்குழந்தைகள் பின்னிருக்கையில் உட்காருகிறவர்கள். நான் முதியவரிடமே விட்டேன்.

மின்சார வண்டி என்றதும் அவருடைய உதவியாளன் தொடவே தயங்கினான். முதியவர் அவனுக்குச் சொன்னதை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பாடப்புத்தகமும் அவ்வளவு தெளிவாகச் சொல்லியிராது. இந்த வண்டியில் இரண்டு மின்சாரங்கள் உண்டு. சக்கரத்தைச் சுழற்றுவது தரைக்கடியில் உள்ள பெரிய மின்கலத்தின் 300 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்சாரம். அது ஓடும் கம்பிகளுக்கு ஆரஞ்சு நிற உறை உண்டு. அந்த நிறத்தைக் கண்டால் கை வைக்கக்கூடாது. பின்கண்ணாடிக்கு வருவதோ, விளக்குக்கும் ஒலிப்பானுக்கும் வருகிற அதே 12 வோல்ட்டு. வண்டியை அணைத்து, மின்னேற்றும் கம்பி மாட்டியிருந்தால் எடுத்துவிட்டு, சிறிய பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட வேண்டும். பெரிய மின்கலத்தின் வாயிலை மூடித் திறக்கும் தொடுப்பான்களும் இந்தச் சிறிய பாட்டரியின் தயவில்தான் இயங்குகின்றன. இது இல்லாவிட்டால் அந்த வாயிலும் அடைபட்டுவிடும். "ஆனால் முதலில் டிக்கியைத் திறந்து வைத்துக்கொள். மின்சாரத்தால் திறக்கும் பூட்டு, பாட்டரியைக் கழற்றிய பிறகு வெளியே நின்று அழ வேண்டியதுதான்" என்றார்.

பின்னர் சுத்தம் செய்தார்கள். இதுவே மிக நீண்ட வேலை. மணிகள் இருக்கையின் இடுக்கிலும், வார்ப்பட்டைகளின் கொக்கிகளிலும், டிக்கியின் தரைக்கடியிலும் புகுந்திருந்தன. பெட்ரோலும் மின்சாரமும் கலந்து ஓடும் சில வண்டிகளில், மின்கலத்தைக் குளிர்விக்கும் காற்றின் வாய் பின்னிருக்கையின் அருகிலேயே உண்டு. அங்கே மணிகள் விழுந்தால் விசிறியே கெடும். என் வண்டியில் அந்தத் தொல்லை இல்லை.

சட்டத்தின் மேல் ஒட்டியிருந்த பழைய பசையை அவர் முழுவதும் சுரண்டவில்லை; ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உயரத்துக்கு விட்டு மேலே சீவினார். புதிய பசை வெறும் தகரத்தைவிடப் பழைய பசையையே உறுதியாகப் பற்றுமாம். கத்தி கீறிய இடங்களில் துருப்பிடிக்காமல் பூச்சு பூசினார். புதுக் கண்ணாடியின் விளிம்பில் கரிய பட்டை ஒன்று சுட்டுப் பதிக்கப்பட்டிருந்தது. அழகுக்காக என்றே நான் இதுநாள்வரை எண்ணியிருந்தேன். வெயிலின் புறஊதாக் கதிர்கள் பசையை அரித்துவிடாமல் காக்கும் குடை அது. அந்தப் பட்டையின் மேல் உதவியாளனின் விரல் பட்டுவிட்டது. முதியவர் வேலையை நிறுத்தி, அந்த இடத்தை மறுபடியும் துடைத்துக் காயவிட்ட பின்பே மேலே தொடர்ந்தார். விரலின் எண்ணெய்ப் பசை போதுமாம், அந்த இடத்தில் ஒட்டாமற் போக.

உறிஞ்சுகிண்ணங்களைக்கொண்டு இருவரும் கண்ணாடியைத் தூக்கி வைத்து, நாடாக்களால் இழுத்துக் கட்டினார்கள். பார்த்தால் வேலை முடிந்தது போலவே இருந்தது. அன்றிரவு எனக்கு நெருங்கிய உறவில் ஒரு திருமணம். இருபது மைல் போக வேண்டும். மெதுவாக ஓட்டுகிறேன், கொடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். அவர் இணங்கவில்லை. "ஒட்டியிருப்பது போலத் தெரியும், ஐயா. ஒட்டியிருக்காது" என்றார்.

அவர் சொன்னதில் நல்ல வேதியியல் இருக்கிறது. இந்தப் பாலியூரித்தேன் பசை காய்ந்து இறுகுவதில்லை. காற்றிலுள்ள ஈரத்தோடு கூடி இறுகுகிறது. அரை மணியில் மேலே தோல் கட்டிவிடும். அந்தத் தோலைக் கடந்து ஈரம் உள்ளே போக வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு மில்லிமீட்டர்தான் போகும். நம் கடற்கரை ஊர்களின் புழுக்கத்தை நாம் எவ்வளவோ வைதிருக்கிறோம். பசைக்கு அது அமுதம். நான் பேருந்தில் திருமணத்துக்குப் போனேன். போகுமுன் அவர் கதவின் சன்னலை இரண்டு விரல் அளவு இறக்கிவைத்தார். எல்லாம் மூடியிருக்கும்போது யாராவது கதவை ஓங்கிச் சாத்தினால், உள்ளே அடைபட்ட காற்று பசுங்கண்ணாடியை வெளியே தள்ளிவிடுமாம்.

மறுநாள் மாலை தண்ணீர்க்குழாயைப் பிடித்துச் சோதித்தார். டிக்கியின் தரைக்கடியில் மின்னணுப் பெட்டிகள் இருக்கும் வண்டியில் ஒரு சொட்டு ஒழுக்கையும் அலட்சியம் செய்ய முடியாது. அதன்பின் கண்ணாடியில் ஓடும் மெல்லிய கோடுகளைச் சோதித்தார். வெள்ளி கலந்த குழம்பால் அச்சிட்டுச் சுட்ட கோடுகள் அவை. மின்சாரம் பாய்ந்து சூடேறி, மழைக்காலத்தில் படியும் ஆவியைப் போக்குபவை. கண்ணாடியில் ஆவிபடியச் செய்து விசையைப் போட்டால், ஒவ்வொரு கோட்டின் அருகிலும் தெளிவு பிறக்க வேண்டும். எங்கே மங்கல் நிற்கிறதோ அந்தக் கோடு அறுந்தது என்று பொருள். இது மின்கலத்தைத் தின்றுவிடாதா என்று மாணவர்கள் என்னைக் கேட்டிருக்கிறார்கள். 12 வோல்ட்டில் 15 ஆம்பியர் என்றால் 180 வாட்டு. 30 கிலோவாட்மணி கொண்ட மின்கலத்தில் ஒரு மணி நேரத்துக்கு நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

பின்கண்ணாடியே வேண்டாம் என்று விட்டுவிட்ட மின்சார வண்டியும் உண்டு. 2023இல் வெளிவந்த போல்ஸ்டார் 4 என்னும் காரில் அந்த இடத்தில் தகடுதான். ஓட்டுநர் படக்கருவி காட்டும் காட்சியைத் திரையில் காண்கிறார். எனக்கென்னவோ கண்ணாடிதான் பிடிக்கிறது.

வீட்டுக்கு ஓட்டிவந்தபோது காதைத் தீட்டிக்கொண்டு வந்தேன். எஞ்சின் இரைச்சல் இல்லாத வண்டியில், ஒட்டாத இடம் இருந்தால் காற்றின் சீழ்க்கை தெளிவாகக் கேட்கும். ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் மைதானத்தில் அந்தத் தொழிலாளியைக் கண்டேன். புதுக் கண்ணாடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நான் மேற்பார்வையாளரிடம் சொன்னதையெல்லாம் அன்று அவரும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறார். "இதற்குள்ளும் அந்த இழுப்பு இருக்கிறதா, ஐயா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். சிறிது யோசித்துவிட்டு, "அப்படியானால் நான் வெட்டி முடிக்கிறவரை வண்டியை நூலகத்துக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்துங்கள்" என்றார். நிறுத்தினேன்.