தோலாக வேண்டிய செல் நரம்பானது எப்படி?



நாம் எல்லோருமே ஒரே ஒரு செல்லாகத் தொடங்கியவர்கள்தான். அது இரண்டாகிறது, நான்காகிறது, ஆயிரமாகிறது. ஏதோ ஒரு கட்டத்தில் அந்தக் கூட்டத்தின் ஒரு பகுதி மட்டும் மூளையாகவும் தண்டுவடமாகவும் ஆகப் பிரிந்து போகிறது. முதல் நரம்புச் செல்கள் அங்கேதான் பிறக்கின்றன. நீ நரம்பு, நீ தோல் என்று பிரித்துவிடுவது எது? இந்தக் கேள்வியோடு விஞ்ஞானிகள் எழுபது ஆண்டுகளுக்கு மேல் மல்லுக்கட்டினார்கள். கடைசியில் கிடைத்த விடை, அவர்கள் தேடியதற்கு நேர் எதிரானது.

ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரிலிருந்து தொடங்குவோம். அங்கே விலங்கியல் பேராசிரியராக இருந்தவர் ஹான்ஸ் ஸ்பேமன். பல்லி உருவத்தில் நீரில் வாழும் நியூட் என்ற உயிரியின் முட்டைகள்தான் அவருடைய ஆய்வுப் பொருள். முட்டை ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர். அதை அறுக்கக் கண்ணாடியை இழுத்துச் செய்த ஊசி, கட்டிப் பிரிக்கக் குழந்தையின் மெல்லிய தலைமுடி. கருவிகள் அவ்வளவுதான்.

1920இல் ஹில்ட ப்ரோஷோல்ட் என்ற இளம்பெண் அவரிடம் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு, ஸ்பேமனின் உதவியாளர் ஓட்டோ மாங்கோல்டை மணந்து ஹில்ட மாங்கோல்ட் ஆனார். முதலில் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை, ஹைட்ரா என்ற நுண்ணிய நீர்வாழ் உயிரியை உள்வெளியாகத் திருப்புவது. அது கைகூடவில்லை. பிறகுதான் வேறொரு வேலை அவருக்குக் கிடைத்தது.

வளரும் நியூட் கருவில் ஒரு சிறு பிளவு தோன்றும். வெளிப்புறச் செல்கள் அதன் வழியாக உள்ளே நழுவும். அந்தப் பிளவின் மேல் உதட்டில் ஏதோ தனிச் சக்தி இருக்கிறது என்று ஸ்பேமன் சந்தேகித்தார். அதை வெட்டி இன்னொரு கருவில் ஒட்டினால் அங்கே இரண்டாவது கரு ஒன்று முளைப்பதை அவர் 1918லேயே கண்டிருந்தார். ஆனால் ஒட்டிய துண்டே வளர்ந்து அப்படி ஆகியிருக்கும் என்று நினைத்துவிட்டார். இரண்டு கருக்களும் ஒரே நிறம். எந்தச் செல் யாருடையது என்று அடையாளம் காண வழியே இல்லை.

ஹில்ட வெளிர் நிற இனத்தின் உதட்டை வெட்டி, கருநிற இனத்துக் கருவின் வயிற்றுப் பக்கத்தில் ஒட்டினார். இனி ஒவ்வொரு செல்லும் தன் பூர்வீகத்தை நிறத்திலேயே சொல்லிவிடும். கிருமிக்கொல்லி மருந்துகள் இல்லாத காலம் அது. அறுவைக்குள்ளான கருக்கள் தொற்றில் செத்துக்கொண்டே இருந்தன. 1921, 1922 ஆகிய இரண்டு இனப்பெருக்கப் பருவங்களில் நூற்றுக்கணக்கான கருக்களில் அவர் கை வைத்தார். ஆய்வுக் கட்டுரையில் இடம்பெறும் அளவுக்குத் தேறியவை ஆறே ஆறு.

அந்த ஆறு போதுமானதாக இருந்தது. வயிற்றுப் பக்கத்தில் முதுகுத்தண்டின் தொடக்கமும் நரம்புக் குழாயுமாக இரண்டாவது கரு உருவாகியிருந்தது. அதன் நரம்புக் குழாயைச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தால், பெரும்பாலும் கருநிறச் செல்கள்! அதாவது, ஒட்டிய துண்டு தானே நரம்பாக வளரவில்லை. வயிற்றுத் தோலாகப் போயிருக்க வேண்டிய பக்கத்துச் செல்களை அது நரம்பாக மாற்றியிருந்தது. ஸ்பேமன் அந்த உதட்டுக்கு 'அமைப்பாளர்' என்று பெயரிட்டார்.

கட்டுரை 1924இல் வெளியானது. அதே ஆண்டு செப்டம்பரில், பெர்லினில் வீட்டு அடுப்படியில் நடந்த தீவிபத்தில் ஹில்ட இறந்துபோனார். அவருக்கு 26 வயதுகூட நிறையவில்லை. 1935இல் இந்தக் கண்டுபிடிப்புக்கு நோபல் பரிசு கிடைத்தது, ஸ்பேமனுக்கு மட்டும். இறந்தவர்களைப் பரிசுக்குப் பரிந்துரைப்பதில்லை என்பது சரிதான். ஆனால் அந்தக் கட்டுரையில் தம் பெயரை முதலில் போட வேண்டும் என்று ஸ்பேமன் வற்புறுத்தியதும், மற்ற மாணவர்கள் தங்கள் ஆய்வைத் தனிப்பெயரில் வெளியிட்டபோது தனக்கு மட்டும் ஏன் இப்படி என்று ஹில்ட வருந்தியதும் அவருடன் படித்த விக்டர் ஹாம்பர்கர் மூலம் நமக்குத் தெரியும். அந்த வருத்தம் நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். கருவியல் வகுப்பில் இந்தப் பாடம் நடத்தப்படும் ஒவ்வொரு முறையும் ஹில்டவின் பெயரும் சொல்லப்பட வேண்டும்.

அடுத்து எல்லோரும் ஒரு ரசாயனத்தைத் தேடி ஓடினார்கள். அமைப்பாளர் ஏதோ ஒரு பொருளைச் சுரக்கிறது, அது செல்லை நரம்பாகும்படி ஆணையிடுகிறது என்பது எண்ணம். 1932இல் முதல் அதிர்ச்சி: சூட்டிலோ சாராயத்திலோ கொல்லப்பட்ட அமைப்பாளரும் வேலை செய்தது! கேம்பிரிட்ஜில் ஜோசப் நீதமும் கான்ராட் வாடிங்டனும் தேடினார்கள். எத்தனையோ பொருள்கள் நரம்பைத் தூண்டின. மெத்திலீன் நீலம் என்ற சாயம்கூடத் தூண்டியது. நியூட் கருவில் சாயத்தைத் தயாரிப்பவர் யாருமில்லையே! எல்லாப் பொருளும் விடையாக வந்தால், எதுவும் விடை இல்லை என்றுதான் பொருள். பலர் சலித்துப்போய் இந்தத் துறையையே விட்டுவிட்டார்கள். பல பத்தாண்டுகள் அப்படியே கழிந்தன.

1989இல் ஜெர்மனியில் ஹோர்ஸ்ட் க்ரூன்ஸ் ஆய்வுக்குழு ஆப்பிரிக்கத் தவளைக் கருவின் வெளிப்புறச் செல்களைத் தனித்தனியாகப் பிரித்துச் சில மணிநேரம் வைத்திருந்து மறுபடி சேர்த்தது. அமைப்பாளர் பக்கத்திலேயே இல்லை. அப்படியும் அவை நரம்பாயின. சேர்ந்திருந்தால் தோல், பிரிந்திருந்தால் நரம்பு என்றால், சேர்ந்திருக்கும்போது ஒன்றையொன்று ஏதோ சொல்லித் தடுத்துக்கொண்டிருக்கின்றன என்றுதானே ஆகிறது? 1990களின் தொடக்கத்தில் ஹார்வர்டில் அலி ஹெம்மதி பிரிவான்லுவும் டக்ளஸ் மெல்ட்டனும் அந்தச் செய்தியைப் பெறும் வாயிலை அடைத்துப் பார்த்தார்கள். செல்கள் நரம்பாயின.

அந்தச் செய்தியின் பெயர் பி.எம்.பி.4, ஒரு புரதம். தோலாகு என்று சொல்வது அதுதான். அமைப்பாளர் சுரக்கும் நாகின், கார்டின் என்ற புரதங்கள் அந்த பி.எம்.பி.யைப் பிடித்து முடக்கிவிடுகின்றன என்பது 1996இல் நிரூபணமானது. ஆணை தோலுக்குத்தான் போகிறது. ஆணை எட்டாத இடத்தில் நரம்பு உண்டாகிறது. கோழிக் கருவில் இது மட்டும் போதவில்லை, எஃப்.ஜி.எஃப். என்ற வேறொரு தூண்டலும் தேவைப்படுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் அடிப்படை நிற்கிறது: 2009இல் நியூயார்க்கில் லோரன்ஸ் ஸ்டூடர் குழு இதே வகைத் தடுப்புப் பொருள்களைக் கொண்டுதான் மனிதக் குருத்தணுக்களை நரம்பு வழிக்குத் திருப்பியது.

பி.எம்.பி. முடக்கப்பட்ட இடத்தில் நரம்புத் தட்டு உருவாகிறது. மனிதக் கருவில் இது ஏறக்குறைய 18ஆம் நாள். பிறகு அந்தத் தட்டு பாய் சுருட்டுவதுபோல் இருபுறமும் எழும்பி, நடுவில் கூடிக் குழாயாகிறது. குழாயில் உள்ள எல்லாச் செல்களும் உடனே நியூரானாக, அதாவது நரம்புச் செல்லாக, ஆகிவிடுவதில்லை. இங்கேயும் ஒரு தடைதான் வேலை செய்கிறது. நியூரானாகத் தொடங்கிய செல், நாட்ச் என்ற அமைப்பின் வழியாகப் பக்கத்துச் செல்லைக் கொஞ்சம் பொறுத்திருக்கச் சொல்கிறது. பொறுத்த செல் பிரிந்து பெருகி, பின்னால் வரும் நியூரான்களுக்கு மூலதனமாகிறது. நாட்ச் பழுதான பழ ஈக் கருவில் தோலாக வேண்டியவையும் நரம்பாகிவிடுவதை டொனால்ட் போல்சன் 1930களின் இறுதியிலேயே கண்டிருந்தார்.

அந்தக் குழாய் மனிதக் கருவில் ஏறக்குறைய 28ஆம் நாளுக்குள் முழுவதும் மூடிவிட வேண்டும். கீழே மூடாவிட்டால் குழந்தைக்குத் தண்டுவடம் வெளித்தெரியும் குறை. மேலே மூடாவிட்டால் மூளையின் பெரும்பகுதி உருவாகாது. 1991இல் ஏழு நாடுகளில் நடந்த பெரும் ஆய்வு, ஏற்கெனவே இப்படிக் குழந்தை பிறந்த பெண்கள் கருத்தரிக்கும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொண்டால், மறுபடி அது நேர்வது 72 சதவீதம் குறைகிறது என்று காட்டியது. இந்த வைட்டமினின் கதை நம் ஊரையும் தொடுகிறது. கர்ப்பிணிகளின் ரத்தசோகையை ஆராய வந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாயிலும், குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும், சென்னையில் இன்றைய கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையிலும் வேலை செய்தார். அந்த நோயை ஈஸ்ட் சாறு குணமாக்குவதைக் கண்டவர் அவர். அதிலிருந்த பொருள்தான் பிற்பாடு ஃபோலிக் அமிலம் என்று அறியப்பட்டது.

28ஆம் நாள் என்பது மாதவிடாய் தள்ளிப்போய் இரண்டு வாரம்தான். பலர் பரிசோதித்துப் பார்ப்பதற்குள் குழாய் மூடிவிட்டிருக்கும். அதனால், குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் கருத்தரிக்கும் முன்பே, தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொள்ளத் தொடங்குங்கள். முன்பு இக்குறையுள்ள குழந்தை பிறந்திருந்தால் அளவு கூடும், மருத்துவரிடம் கேளுங்கள். வீட்டில் புதிதாகக் கல்யாணமானவர்கள் இருந்தால், இதை இன்றே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.