தேடித் தருபவர்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஒரு வைத்தியரைப் பேச அழைத்தால் நீரிழிவு பற்றியோ இரத்த அழுத்தம் பற்றியோ சொல்வார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று நான் பேச வந்தது மருத்துவ நூலகர்களைப் பற்றி. ஆய்வுக் குழுக்களுக்குப் பின்னால் நின்று வேலை செய்யும் இவர்களை நோயாளர் எவரும் கண்டதில்லை. வைத்தியர்களாகிய நாங்களும் பல வேளைகளில் மறந்துவிடுகிறோம்.

1996ஆம் ஆண்டு. இடப்பெயர்வின் பின் கல்லூரி மீண்டும் திறந்திருந்த காலம். நூலகத்தில் எஞ்சியிருந்த புத்தகங்களிற் பல கறையான் அரித்தவை. நூலக ரீச்சர் பழைய கலண்டர்த் தாள்களை வெட்டி, பின்பக்கத்தில் அட்டவணைத் துண்டுகள் எழுதிக்கொண்டிருந்தார். உதவிக்குப் போன என்னிடம் ஒரு துண்டைத் தந்து எழுதச் சொன்னார்: "சலரோகம் – நீரிழிவு பார்க்க."

"இரண்டும் ஒன்றுதானே ரீச்சர், ஏன் இரண்டு துண்டு?" என்று கேட்டேன்.

"உமக்கு ஒன்றெண்டு தெரியும் பிள்ளை. தேடி வாறவளுக்கு எந்தச் சொல் தெரியுமோ?" என்றார்.

அந்தப் பதிலின் பெறுமதி எனக்கு விளங்க இருபது வருடங்களுக்கு மேல் எடுத்தது.

சில வருடங்களுக்கு முன் நானும் சக வைத்தியர்கள் மூவரும் புடையன் கடிக்குப் பின் ஏற்படும் சிறுநீரகப் பாதிப்புப் பற்றி இலங்கையில் நடந்த ஆய்வுகளைத் திரட்டி ஒரு மீளாய்வு எழுத முனைந்தோம். தேடும் வேலையை நான் பொறுப்பேற்றேன். இரண்டு இரவுகள் கணினி முன் இருந்து, பப்மெட் தளத்தில் பாம்பின் ஆங்கிலப் பெயரையும் நாட்டின் பெயரையும் தட்டி, வந்தவற்றைச் சேகரித்தேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன். ஒரு சம்பிரதாயத்துக்காக மருத்துவ நூலகர் ஒருவரிடம் காட்டினேன். அவர் மூன்று கேள்விகள் கேட்டார்.

"1972க்கு முன் இந்த நாட்டுக்கு என்ன பெயர், டொக்டர்?" சிலோன் என்ற சொல்லை நான் தேடவேயில்லை. "இந்தப் பாம்பின் விஞ்ஞானப் பெயர் இடையில் மாறவில்லையா?" மாறியிருந்தது. வைப்பெரா என்றிருந்தது பின்னர் டபோயா ஆயிற்று. "பப்மெட்டில் இல்லாத சஞ்சிகைகளை எங்கே பார்த்தீர்கள்?" பார்க்கவில்லை.

அவர் மீண்டும் தேடியபோது எங்கள் மூத்த வைத்தியர்கள் பல பத்தாண்டுகளுக்கு முன்னரே எழுதிவைத்த கட்டுரைகள் வந்தன. "இது பற்றி இந்நாட்டில் ஆய்வுகள் மிகக் குறைவு" என்று எங்கள் வரைவில் ஒரு வசனம் எழுதியிருந்தேன். அதை வெட்டியபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

எனக்கு வெட்கத்தோடு போயிற்று. எல்லா இடத்திலும் அப்படி முடிவதில்லை. 2001ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆஸ்துமா பற்றிய ஓர் ஆய்வு நடந்தது. ஹெக்சாமெத்தோனியம் என்ற மருந்தை ஆரோக்கியமான தொண்டர்கள் மூச்சோடு உள்ளிழுத்தார்கள். அவர்களில் 24 வயதுப் பெண் ஒருவர் நுரையீரல் பாதிக்கப்பட்டு இறந்துபோனார். ஆய்வாளர் தேடாமல் இருக்கவில்லை. அவரும் பப்மெட்டில் தேடினார். ஆனால் அன்று அதில் 1966 முதலான கட்டுரைகளே பெரும்பாலும் இருந்தன. அந்த மருந்து நுரையீரலைப் பாதிக்கலாம் என்று 1950களின் கட்டுரைகள் சொல்லியிருந்தன. அவை அச்சில் நூலகங்களில் இருந்தன. அந்த ஆய்வில் வேறு குறைகளும் கண்டுபிடிக்கப்பட்டன. அரசு அப்பல்கலைக்கழகத்தில் தன் நிதியில் நடந்த மனித ஆய்வுகள் ஏறக்குறைய எல்லாவற்றையும் சில நாட்கள் நிறுத்திவைத்தது. ஆய்வுக்கு முன் செய்யும் தேடலும் தொண்டரின் உயிர்ப் பாதுகாப்பில் ஒரு பகுதி என்பதை மருத்துவ உலகம் அன்று பெரும் விலை கொடுத்துப் படித்தது.

சரி, நூலகர் என்னதான் செய்கிறார்? முதலில் கேள்வியைத் திருத்துகிறார். எந்த நோயாளர், எந்தச் சிகிச்சை, எதனுடன் ஒப்பீடு, எந்த விளைவு என்று நான்காகப் பிரித்துக் கேட்பார். அரைமணி நேரத்தில் எங்கள் கேள்வி எவ்வளவு மங்கலானது என்று எங்களுக்கே தெரிந்துவிடும்.

அடுத்து, ஒவ்வொரு பகுதிக்கும் உரிய சொற்களையெல்லாம் திரட்டுகிறார். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 1960 முதல் மெஷ் என்ற சொற்றொகுதியைப் பேணி வருகிறது. ஒரே நோய்க்குப் பத்துப் பெயர் இருந்தாலும் அவற்றை ஒரு தலைப்பின் கீழ் அது கொண்டுவரும். முதன்முறை அதைப் பார்த்தபோது கலண்டர்த் தாளில் நான் எழுதிய "நீரிழிவு பார்க்க"தான் கண்முன் வந்தது.

பின்னர் பல தரவுத்தளங்களிலும், நடந்துகொண்டிருக்கும் ஆய்வுகளின் பதிவேடுகளிலும், உள்ளூர்ச் சஞ்சிகைகளிலும் தேடி, இரட்டிப்புகளை நீக்கித் தருகிறார். எந்தத் திகதியில் எங்கே எந்தச் சொற்களால் தேடினார் என்பதையும் எழுதிவைக்கிறார். நாளை வேறொருவர் அதையே செய்து சரிபார்க்க வேண்டுமல்லவா?

காசு கொடுத்து வாங்க முடியாத கட்டுரைகளை எடுத்துத் தருபவரும் அவர்தான். உலக சுகாதார நிறுவனம் 2002இல் தொடங்கிய ஹினாரி திட்டத்தின் மூலம் வருமானம் குறைந்த நாடுகளின் நிறுவனங்கள் மருத்துவச் சஞ்சிகைகளை இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ படிக்கலாம். அப்படியொரு வாசல் திறந்திருப்பதை எத்தனையோ இளம் வைத்தியர்களுக்கு நூலகர்தான் சொல்லிக் கொடுக்கிறார். பணத்துக்காக எதையும் பிரசுரிக்கும் போலிச் சஞ்சிகைகளை இனங்காணவும் அவர் உதவுகிறார்.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனி நூலகர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பயிற்சி வைத்தியர் ஒருவர் அண்மையில் என்னிடம் தந்த கட்டுரையில் இருந்த மூன்று மேற்கோள்களை எங்கு தேடியும் காணவில்லை. எழுதியவர் பெயரும் சஞ்சிகையின் பெயரும் பக்க எண்ணும் ஒழுங்காக இருந்தன. கட்டுரைகள்தான் உலகத்தில் இல்லை. இயந்திரம் இட்டுக்கட்டியிருந்தது. அதைக் கண்டுபிடித்தவரும் ஒரு நூலகர்.

இவ்வளவு செய்பவரின் பெயர் கட்டுரையில் எங்கே வருகிறது? பெரும்பாலும் இறுதியில் நன்றி சொல்லும் ஒரு வரியில். சிலவேளை அதுவும் இல்லை. எங்கள் மீளாய்வில் அந்த நூலகரின் பெயரை ஆசிரியர்களுள் ஒருவராகச் சேர்த்தோம். சேர்க்கலாமா என்று எங்களுக்குள் வாக்குவாதம் நடந்தது உண்மை. ஆய்வின் முறையியலில் பாதியை எழுதியவரை வேறெப்படி அழைப்பது?

இங்கிருக்கும் வைத்தியத் தங்கைமாருக்கும், ஆய்வு செய்யும் அனைவருக்கும் என் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். ஆய்வு தொடங்கும் நாளிலேயே நூலகரிடம் போங்கள். எல்லாம் எழுதி முடித்தபின் கையெழுத்து வாங்கப் போவதுபோல நான் போனேன். நீங்கள் அப்படிப் போகாதீர்கள்.

சங்கத்திடமும் ஒரு விண்ணப்பம். நூற்றாண்டு நிதியில் புதிய கட்டடத்துக்கும் கணினிகளுக்கும் பலர் மனமுவந்து தந்திருக்கிறீர்கள். அதில் ஒரு பங்கை, பயிற்சி பெற்ற ஒரு நூலகரை எங்கள் கல்லூரியில் நிரந்தரமாக வைத்திருப்பதற்கு ஒதுக்குங்கள். புத்தகத்தையும் கணினியையும் யாரும் வாங்கித் தரலாம். "தேடி வாறவளுக்கு எந்தச் சொல் தெரியுமோ" என்று யோசிக்க ஓர் ஆள் அங்கே இருக்க வேண்டும். என் பங்கை இன்று செயலாளரிடம் கொடுத்துவிட்டுத்தான் மேடை ஏறினேன்.

அந்த ரீச்சர் இன்று நம்மிடையே இல்லை. அவருக்கு நேரில் சொல்லத் தவறிய நன்றியை அவர் வளர்த்த இந்தக் கல்லூரியில் சொல்லி அமைகிறேன்.