ஐம்பதில் ஒரு குச்சி
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் ஒரு குழு உறுப்பினர் பேசியது)



"உறுதியாவும் இருக்கணும், வளைஞ்சும் கொடுக்கணும்" என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். நான் பத்தாவது வரை படித்தவள். நாணல் வளைஞ்சுது, பெரிய மரம் சாஞ்சுதுன்னு கதை சொன்னா உங்களுக்கே தெரியும், தூங்கிடுவீங்க. அதனால நூலகத்துப் புத்தகத்தில் படித்த சீனாக்காரங்க விஷயம் ஒன்றைச் சொல்றேன்.

சீனாவில் குறி பார்ப்பதற்கு ஒரு பழைய நூல் இருக்கிறது. பெயர் யி ஜிங். ஐ சிங் என்றும் எழுதுகிறார்கள். 2500 ஆண்டுக்கும் மேல் பழசு. 'யி' என்றால் மாற்றம் என்று அர்த்தம். நாம கோயில்ல பூக்கட்டிப் போட்டு, வெள்ளைப் பூ வருதா சிவப்புப் பூ வருதான்னு பார்க்கிறோமில்லையா, அது ஒரு நிமிஷத்தில் முடிஞ்சிடும். அங்கே வேலை அதிகம்.

ஒரு செடியின் காய்ந்த தண்டில் 50 குச்சி எடுத்துக்கொள்வார்கள். முதல் வேலையே, அதில் ஒன்றை எடுத்துத் தனியே வைத்துவிடுவதுதான். குறி முடியும்வரை அதைத் தொடவே மாட்டார்கள். மீதி 49 குச்சியை ரெண்டாகப் பிரித்து, நாலு நாலாக எண்ணி, மீந்ததை ஒதுக்கி, திரும்பச் சேர்த்து, திரும்பப் பிரித்து, இப்படி மூணு தடவை செய்தால் ஒரு கோடு கிடைக்கும். ஆறு கோடு வேணும். ஆக 18 தடவை. பிற்காலத்தில் பொறுமை இல்லாதவங்க மூணு காசை ஆறு தடவை போட்டே முடிச்சிடறாங்க. மனுஷங்க எல்லா ஊரிலும் ஒண்ணுதான்.

கோடு ரெண்டு வகை. முழுக்கோடு ஒன்று, நடுவில் விட்டுப்போன கோடு ஒன்று. முழுக்கோடு உறுதி, விட்ட கோடு இளக்கம். ஆறு கோட்டை அடுக்கினால் 64 விதமாக வரும், ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு, ஒரு பலன். இதில் எனக்குப் பிடிச்ச கணக்கு என்னன்னா, எண்ணிக்கை 7 வந்தால் முழுக்கோடு, அது அப்படியே நிற்கும். 9 வந்தாலும் முழுக்கோடுதான், ஆனா முத்திப்போனது, விட்ட கோடாக மாறப்போகிறது. அதேபோல 8 வந்தால் விட்ட கோடு நிற்கும், 6 வந்தால் முழுக்கோடாக மாறும். முத்தின தேங்காய்தானே முளை விடுது, அந்த மாதிரி.

64-இல் 32-ஆவதுக்குப் பேர் ஹெங். நிலைத்து நிற்பது என்று அர்த்தம். நான் மலை மாதிரி, பாறை மாதிரி ஏதாவது அடையாளம் இருக்கும்னு நினைச்சேன். பார்த்தா, மேலே இடி, கீழே காற்று! ஒரு நிமிஷம் சும்மா இருக்காத ரெண்டு பொருள். அதுக்கு உரை எழுதினவங்க, பருவங்கள் மாறி மாறி வருவதாலதான் நிலைச்சு நடக்குதுன்னு சொல்றாங்க. நகராம இருக்கிறது உறுதி இல்லை, போற திசையை மாத்தாம இருக்கிறதுதான் உறுதி என்று நான் புரிஞ்சுக்கிட்டேன். கன்பூசியஸ் பெரியவரும் இந்தப் பகுதியை எடுத்துப் பேசியிருக்கார். மனசு நிலையா இல்லாதவனுக்குக் குறியே பார்க்க வேண்டியதில்லைங்கறது அவர் கருத்து. என்ன வரும்னுதான் தெரியுமே!

ஆனா இதே 32-இல் ஐந்தாவது கோட்டுக்கு ஒரு பலன் போட்டிருக்கு. ஒரே வழியில் மாறாம நிக்கிறது பொம்பளைக்கு நல்லது, ஆம்பளைக்குக் கெடுதலாம். காரணம் என்னன்னா, அவள் கடைசிவரை ஒருத்தன் பின்னால போகணும், அவன்தான் நிலைமை பார்த்து முடிவு எடுக்கணும். அந்தக் காலத்துச் சீனா அப்படி. அந்த நூல் எவ்வளவு பெரிசா இருந்தாலும் இதை மட்டும் நான் ஏத்துக்க மாட்டேன். மழை தப்பினா எந்த நகையை அடகு வைக்கிறது, எந்தப் பிள்ளை ஃபீஸை முதல்ல கட்டறதுன்னு முடிவு எடுக்கிறது யாரு? இங்க உட்கார்ந்திருக்கிற நாமதான். நிலைமை பார்த்து மாறத் தெரியாதவங்க இந்தக் கூட்டத்தில் ஒருத்தர்கூட இருக்க முடியாது.

60-ஆவது ஜியே. மூங்கில் கணுவுக்கு உள்ள சொல் அது. கணு இருந்தாதான் மூங்கில் நிமிர்ந்து வளரும். அது மாதிரி வாழ்க்கைக்குக் கட்டுப்பாடு வேணும். ஆனா கசந்து போற கட்டுப்பாட்டைப் பிடிச்சுத் தொங்கக் கூடாதுன்னும் அங்கேயே எச்சரிக்கை இருக்கு. இதைப் படிக்கும்போது எங்க குழுவில் நடந்ததுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஒரு அக்கா 20,000 ரூபாய் கடன் வாங்கி மாடு பிடிச்சாங்க. நாலு தவணை கட்டினாங்க, மாடு செத்துப்போச்சு. அடுத்த ரெண்டு மாசம் கூட்டத்துக்கே வரலை. பாதிப் பேர், விதின்னா விதிதான், அபராதத்தோட வாங்குங்கன்னாங்க. பாதிப் பேர், பாவம் விட்டுடலாம்னாங்க. விட்டா மத்தவங்களும் நிறுத்துவாங்க, அடுத்த வங்கிக் கடன் யாருக்கும் வராது. பிடிச்சு இழுத்தா அந்த அக்கா கந்துவட்டிக்காரன்கிட்ட போவாங்க. ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் சண்டை. கடைசியில, அசலில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கிறதில்லை, தவணை மட்டும் 2,000-க்குப் பதிலா 1,000, அபராதம் கிடையாது, ஆனா கூட்டத்துக்கு வந்தே ஆகணும்னு தீர்மானம் எழுதினோம். இப்ப ரெண்டு தவணைதான் பாக்கி. அந்த அக்கா இங்கேதான் இருக்காங்க, பேர் சொல்லலை.

இதைக் கேட்டு யாரும் கூட்டத்தில் காசு சுண்டிக் கடன் கொடுத்துடாதீங்க! குறி பலிக்குதா இல்லையாங்கறது என் பேச்சு இல்லை. அந்த ஒத்தைக் குச்சியைத்தான் சொல்ல வந்தேன்.

அடுத்த மாதக் கூட்டத்தில் மாதச் சேமிப்பை 100-லிருந்து 200 ஆக்கும் தீர்மானம் வருது. கூலி வேலைக்குப் போறவங்க, தனியா பிள்ளை வளர்க்கிறவங்க பலருக்கு அது கஷ்டம். மாசா மாசம் சேமிக்கிறது பஞ்ச சூத்திரத்தில் இருக்கு, அது எடுத்துத் தனியே வச்ச குச்சி, அதைத் தொட வேண்டாம். எவ்வளவுங்கறது மத்த 49-இல் ஒண்ணு. முடிஞ்சவங்க 200, முடியாதவங்க 100-ன்னு ரெண்டு விதமா வைக்கணும்னு எங்க குழு கேட்கப்போகுது. கணக்கு எழுதறவங்களுக்கு வேலை கூடும், அதுவும் தெரியும். சம்மதம் இல்லாதவங்களும் அன்னைக்கு வந்து பேசுங்க.