‘நாளையில இருந்து வராதே’ன்னு சொல்லிட்டா…

(கூட்டமைப்பின் 2023 ஆண்டு விழாக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எனக்கு மைக் பிடிச்சுப் பழக்கம் இல்லை. கடன் வாங்கின கதை, கடை வெச்ச கதை எல்லாம் மத்தவங்க நல்லா பேசிட்டாங்க. வீட்டுக்காரருக்குத் திடீர்னு வேலை போயிட்டா என்ன செய்யறதுன்னு என்னைப் பேசச் சொன்னாங்க. நம்ம 2 குழுவில் 1 குழுவிலாவது இந்தக் கஷ்டம் வந்திருக்கும். ஆனா கூட்டத்துல யாரும் எடுத்துச் சொல்றதில்லை.

பெரியவங்களுக்கு 2003 ஜூலை நினைவிருக்கும். ஓய்வூதியச் சலுகைகளைக் குறைச்சதை எதிர்த்து அரசு ஊழியரும் ஆசிரியரும் ஜூலை 2-ஆம் தேதி வேலைநிறுத்தம் தொடங்கினாங்க. அன்றைய அரசு டெஸ்மா சட்டத்துக்கு ஓர் அவசரத் திருத்தம் கொண்டுவந்து, 1,70,241 பேரை வேலையிலிருந்து நீக்கியது. விசாரணை இல்லை, விளக்கம் கேட்கலை. பலரை ராத்திரியில வீட்டுக்கு வந்து கைது பண்ணாங்க. உயர்நீதிமன்றம் போனா, நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போங்கன்னு சொல்லிட்டாங்க. அந்தத் தீர்ப்பாயத்துல அப்ப இருந்தது ஒரே ஒரு உறுப்பினர். ஒன்றே முக்கால் லட்சம் மனுவை ஒரு மனுஷன் எத்தனை வருஷத்துல படிக்கிறது? டி.கே. ரங்கராஜன் போட்ட வழக்கு உச்சநீதிமன்றம் போச்சு. நீதிபதிகள் எம்.பி. ஷா, ஏ.ஆர். லட்சுமணன் 2003 ஆகஸ்ட் 6-ஆம் தேதி தீர்ப்புச் சொன்னாங்க. அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யற உரிமையே இல்லைன்னும் அதில் எழுதினாங்க. அது வேற விவாதம், அதுல நான் போகலை. கைதானவங்க, வழக்குப் பதிவானவங்க தவிர மத்தவங்களைத் திரும்ப எடுத்துக்க அரசு ஒத்துக்கிச்சு. ஆனா நிபந்தனையில்லாத மன்னிப்புக் கடிதம் எழுதித் தரணும், இனிமே நடத்தை விதியை மீற மாட்டேன்னு உறுதி கொடுக்கணும்.

நான் அப்போ கல்யாணமான புதுசு. எங்க தெருவுக்குப் பக்கத்துல அரசு ஊழியர் குடும்பங்கள் நிறைய. மன்னிப்புக் கடிதத்துல கையெழுத்துப் போடறதா வேண்டாமான்னு ராத்திரி பூரா பேசின வீடுகள் எனக்குத் தெரியும். “நான் என்ன தப்பு பண்ணேன், மன்னிப்புக் கேக்க?”ன்னு ஆம்பளை சொல்லுவார். “பால்காரருக்கு என்ன பதில் சொல்ல?”ன்னு பொம்பளை கேப்பாங்க. ரெண்டு பேர் சொன்னதும் சரிதான்.

அதை ஏன் சொல்றேன்னா, அப்போ அந்த வீட்டுப் பெண்கள் கஷ்டப்பட்டாங்க, ஆனா வெட்கப்படலை. 1,70,241 பேருக்கு ஒரே நாள்ல வேலை போனா, “உன் புருஷன் என்ன தப்பு பண்ணான்?”னு யாரும் கேக்க மாட்டாங்க. ஒரே ஒருத்தருக்குப் போனா அதைத்தான் முதல்ல கேப்பாங்க. எங்க வீட்டுக்கு வந்தது இந்த ரெண்டாவது வகை.

எங்க வீட்டுக்காரர் தி.நகர்ல ஒரு பெரிய ஜவுளிக்கடையில 14 வருஷம். கடை பேர் வேண்டாம். முதல்ல புடவை செக்‌ஷன், அப்புறம் கீழ்த்தள குடோன். காலையில 9 மணிக்குப் போனா ராத்திரி 10 மணி. 14 வருஷமும் நின்னுக்கிட்டே வேலை. கடை ஊழியர்களுக்கு உக்கார நாற்காலி கொடுக்கணும்னு நம்ம தமிழ்நாட்டுல 2021-லதான் சட்டத் திருத்தம் வந்தது. உக்காரச் சட்டம் வந்த கொஞ்ச நாள்ல அவரை ஒரேயடியா வீட்டுல உக்கார வெச்சுட்டாங்க.

அந்த வருஷம் தீபாவளி முடிஞ்ச கையோட, நவம்பர் 6 ராத்திரி விடிய விடிய மழை கொட்டுச்சே, தி.நகரே மிதந்ததே, அந்த மழையில குடோன்ல தண்ணி ஏறிடுச்சு. நனைஞ்ச கட்டுகளை நாலு பேர் நாலு நாளா மேலே ஏத்தினாங்க, கெட்டுப்போனதை வெளியே போட்டாங்க. யாரும் கணக்கு எழுதலை. அப்புறம் ஸ்டாக் எடுத்தா 23 பட்டுப்புடவை குறையுது. குடோன் சாவி இவர் கையில. 19-ஆம் தேதி வெள்ளிக்கிழமை ராத்திரி கடை சாத்தற நேரத்துல கூப்பிட்டு, “நாளையில இருந்து வராதே, ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டுப் போ, போலீஸ் வேண்டாம்”னாங்க. இவர் எழுதித் தரலை. தைரியத்துல இல்லை, கை நடுங்கிச்சாம், எழுத வரலையாம். எப்படியோ எழுதலை. அதுதான் பின்னாடி எங்களைக் காப்பாத்திச்சு.

ஏன்னா ராஜினாமான்னு ஒரு தாள் இருந்துட்டா, நீக்கினாங்கன்னு எந்த அதிகாரிகிட்டயும் சொல்றது கஷ்டம். தானா விட்டுட்டுப் போனார்னு ஆயிடும். இதை மட்டும் இன்னிக்கே வீட்டுக்குப் போய் உங்க வீட்டுக்காரர், பிள்ளைகள், ஏன், வேலைக்குப் போற நீங்களும் மனசுல போட்டு வெச்சுக்கங்க. வெத்துத் தாள்லயும் கையெழுத்து வேண்டாம். “யோசிச்சு நாளைக்குத் தரேன்”னு சொல்லிட்டு வந்துடலாம்.

அவர் என்கிட்ட சொல்லலை. தினமும் காலையில டிபன் பாக்ஸ் எடுத்துக்கிட்டு வழக்கம்போல கிளம்பினார். 12 நாள். லஸ்ல பூ விக்கிற நம்ம குழு அக்காதான், “உன் வீட்டுக்காரர் நாகேஸ்வர ராவ் பார்க்குல பெஞ்சுல உக்காந்திருக்கார், நாலு நாளா பாக்கறேன், உடம்பு சரியில்லையா?”ன்னு கேட்டாங்க. நான் ஆழ்வார்பேட்டையில ரெண்டு வீட்டுல சமையல் பண்றேன். அன்னிக்கு ஒரு வீட்டுக்கு லீவு சொல்லிட்டு நேரா பார்க்குக்குப் போனேன்.

சத்தம் போடலை. ஒண்ணு மட்டும் கேட்டேன். “நீங்க எடுத்தீங்களா?” அப்படிக் கேக்கலாமான்னு எங்க நாத்தனார் இன்னைக்கும் கோவிச்சுக்கிறாங்க. கேக்கணும்னுதான் நான் சொல்லுவேன். ஊர் எல்லாம் என்கிட்டத்தான் கேக்கப் போகுது, அவர் வாயால ஒரு தடவை எனக்குத் தெரியணும். அவர் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். “ஒரு கர்ச்சீப் கூட எடுத்ததில்லம்மா”ன்னார். அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் நான் அந்தக் கேள்வியைக் கேக்கலை. அதே நாத்தனார்தான் ஊர்ல, “நெருப்பில்லாம புகையுமா?”ன்னும் சொன்னாங்க. போகட்டும்.

அந்த 12 நாள் எவ்வளவு பெரிய நஷ்டம்னு அப்புறம்தான் தெரிஞ்சது. நம்ம தமிழ்நாட்டுல 1947-ல வந்த கடைகள், நிறுவனங்கள் சட்டம் இருக்கு. அதுல 41-ஆவது பிரிவு. ஆறு மாசம் தொடர்ந்து வேலை செஞ்ச ஆளை நியாயமான காரணம் இல்லாம நீக்கக் கூடாது. ஒரு மாச நோட்டீஸ் கொடுக்கணும், இல்லேன்னா ஒரு மாசச் சம்பளம் கொடுக்கணும். திருட்டு, ஒழுங்கீனம்னு சொல்லி நோட்டீஸ் இல்லாம நீக்கணும்னா, விசாரணை வெச்சு, சாட்சியத்தை எழுதி வெச்சிருக்கணும். இது நடக்கலைன்னா தொழிலாளர் துறையில மேல்முறையீடு போடலாம். அதுக்குக் காலம் 30 நாள்தான். நம்ம ஆம்பளைங்க மானத்துக்குப் பயந்து பார்க்குல உக்கார்ற ஒவ்வொரு நாளும் அந்த முப்பதுல இருந்து கழியுது. அப்போ வேற வழியும் இருந்தது. அப்போ இருந்த தொழில் தகராறுச் சட்டத்துல தனி ஆளா சமரச அதிகாரிகிட்ட போக முடிஞ்சது. 45 நாள்ல முடியலைன்னா நேரா தொழிலாளர் நீதிமன்றம் போக முடிஞ்சது. அதுக்கு மூணு வருஷம் வரை டைம் இருந்தது. ஆனா மூணு வருஷம் இருக்கேன்னு இருந்தா சாட்சி சொல்ல யாரும் மிஞ்ச மாட்டாங்க. கூட வேலை செஞ்ச பையன்கள் திருநெல்வேலி, தூத்துக்குடின்னு ஊருக்குப் போயிடுவாங்க.

சட்ட உதவிக்குக் காசு வேண்டாம். உயர்நீதிமன்ற வளாகத்துல சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கு. பெண்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பாக்காமலே இலவசம். தொழிலாளியும் அந்தப் பட்டியல்ல உண்டு. அங்க வந்த வக்கீலம்மா முதல்ல எழுதச் சொன்னது மனு இல்லை, கடைக்கு ஒரு கடிதம். “நான் வேலைக்கு வரத் தயார், வாய்மொழியாக வர வேண்டாம் என்றீர்கள், காரணத்தை எழுத்தில் தாருங்கள்”னு நாலு வரி. பதிவுத் தபால்ல, ஒப்புகை அட்டையோட. இவரே வராம நின்னுட்டார்னு அவங்க நாளைக்குச் சொன்னா, அதுக்கு இந்த அட்டைதான் பதில். அப்புறம் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்துல தொழிலாளர் துறை அலுவலகத்துல மனு.

சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, பி.எப். எண், ஈ.எஸ்.ஐ. அட்டை, தீபாவளிக்குக் கொடுத்த போனஸ் கவர் எல்லாம் நான் ஒரு பிஸ்கெட் டப்பாவுல போட்டு வெச்சிருந்தேன். 2009 சீட்டுகூட இருந்தது. 14 வருஷம்னு நிரூபிச்சது அந்த டப்பாதான்.

ஈ.எஸ்.ஐ. பத்தி ஒண்ணு. வேலை போன அன்னிக்கே மருத்துவமும் போயிடும்னு நினைச்சு மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரையைக் கடையில காசு கொடுத்து வாங்கப் போனேன். வக்கீலம்மா தடுத்தாங்க. ஏப்ரல்ல இருந்து செப்டம்பர் வரை பிடிச்ச பணத்துக்கு அடுத்த வருஷம் ஜனவரியில இருந்து ஜூன் வரை வைத்தியம் உண்டுன்னாங்க. கே.கே. நகர் ஆஸ்பத்திரியிலேயே தொடர்ந்து வாங்கினோம்.

இனி பணம். அவர் சம்பளம் 15,600. என் சம்பளம் 9,000. வாடகை 6,500. குழு மூலமா வாங்கின வங்கிக் கடன்ல என் தவணை 2,000. பெரியவள் பத்தாவது. தெருவுல தண்டல்காரர் தானாவே வந்து நின்னார். பத்தாயிரம்னு எழுதிக்கிட்டு 8,500 கையில தருவார், தினம் 100 வீதம் 100 நாள் கட்டணும். கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-லயே வந்தாச்சு, அவர் வண்டி இன்னும் எங்க தெருவுல நிக்குது.

வாராந்திரக் கூட்டத்துல எழுந்து நின்னு சொன்னேன். “எங்க வீட்டுக்காரருக்கு வேலை போயிடுச்சு, திருட்டுன்னு சொல்லிட்டாங்க.” ரெண்டாவது பாதியைச் சொல்லாம விட்டிருக்கலாம்னு சிலர் சொன்னாங்க. என் மூலமா வந்தா ஒரு மாதிரி இருக்கும், தெருவழியா வந்தா வேற மாதிரி இருக்கும்னு எனக்குத் தோணுச்சு. கொஞ்ச நேரம் யாரும் பேசலை. ஒரு உறுப்பினர் வெளிப்படையாவே கேட்டாங்க: “இவ கட்டலைன்னா நாமதானே கட்டணும்?” கேட்டதுல தப்பில்லை, கூட்டுப் பொறுப்புன்னா அதுதான். தீர்மானம் எழுதினாங்க. என் வங்கித் தவணையை மூணு மாசம் குழுச் சேமிப்புல இருந்து கட்டறது, அதை உள்கடனா எழுதி நூத்துக்கு ஒரு ரூபாய் வட்டி, நாலாவது மாசத்துல இருந்து திருப்பறது. 6,000 ரூபாய். அதுல நான் தண்டல்காரர் பக்கம் போகலை. கேள்வி கேட்ட அந்த அக்காதான் முதல்ல கையெழுத்துப் போட்டாங்க.

சமரசம் முடிய 2022 ஆகஸ்ட் ஆச்சு. அஞ்சு வாய்தாவுக்கு அவங்க தரப்பு வரவே இல்லை. திரும்ப வேலை தர மாட்டோம்னு கடைசி வரை பிடிவாதம். இவருக்கு வேலைதான் வேணும், அந்த வாசல்படியை ஒரு நாளாவது மிதிக்கணும்னார். நீதிமன்றம் போனா வருஷக்கணக்காகும்னு நான் சொன்னேன். நாங்க சண்டை போட்ட மாசம் அதுதான், வேலை போன மாசம் இல்லை. கடைசியில இவர் ஒரு நிபந்தனை வெச்சார். பணம் எவ்வளவு வேணா குறையட்டும், என் மேல எந்தக் குற்றச்சாட்டும் இல்லைன்னு சர்டிபிகேட்ல எழுதணும்னார். அதுக்குத்தான் அவங்க ரொம்ப யோசிச்சாங்க. எழுதிக் கொடுத்தாங்க.

பணமும் குறையலை. பணிக்கொடைக் கணக்கை நீங்களே போடலாம். கடைசி மாசச் சம்பளத்தை 26-ஆல வகுக்கணும், 15-ஆல பெருக்கணும், எத்தனை வருஷமோ அத்தனையால பெருக்கணும். 15,600-க்கு ஒரு நாள் 600, 15 நாளைக்கு 9,000, 14 வருஷத்துக்கு 1,26,000. அஞ்சு வருஷம் முடிச்சவங்களுக்கு, நீக்கினாலும் இது பாக்கிதான். நஷ்டம் வந்துச்சுன்னு பிடிக்கணும்னா எவ்வளவு நஷ்டம்னு அவங்கதான் நிரூபிக்கணும். அதோட ஒரு மாச நோட்டீஸ் சம்பளம் 15,600. செக் வந்த அன்னிக்கு முதல்ல குழு உள்கடன் பாக்கியை முடிச்சேன்.

23 புடவை எங்க போச்சுன்னு இன்னும் யாருக்கும் தெரியாது. தண்ணியில போன கட்டோட போயிருக்கும்னு நான் நினைக்கிறேன். அவர் இப்போ மந்தைவெளியில ஒரு சின்னத் துணிக்கடையில இருக்கார், 12,000 சம்பளம், உக்கார ஸ்டூல் இருக்கு. தி.நகர் பக்கம் பஸ்ஸுல போனா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்குவார். அது எப்ப சரியாகும்னு எனக்குத் தெரியலை.

நம்ம கூட்டமைப்பு அலுவலகத்துல இப்போ மாசத்துல ரெண்டாவது சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு நானும் பூக்கார அக்காவும் உக்கார்றோம். யார் வீட்டுலயாவது வேலை போயிருந்தா வாங்க. வேலை போன தேதி, கடைசிச் சம்பளச் சீட்டு, ரெண்டையும் மறக்காம எடுத்துக்கிட்டு வாங்க. வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வர முடியலைன்னா பரவாயில்லை, நீங்க மட்டும் வாங்க.