மண்ணின் உயிரும் நமது சாகுபடி முறையும்



பயிருக்கு நீரும் எருவும் வேண்டுமென்பதை நாம் அனைவரும் அறிவோம். ஆயினும், மண்ணைப் பொலபொலப்பாக்கி நீரைத் தேக்குவதும், இட்ட எருவைப் பயிர் உண்ணத்தக்க சத்தாக மாற்றுவதும் மண்ணில் வாழும் சிற்றுயிர்களே என்பதை எளிதில் மறந்துவிடுகிறோம்.

இங்கிலாந்து நாட்டு அறிஞர் சார்லஸ் டார்வின் 1881ஆம் ஆண்டில் மண்புழுவைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அந்நாட்டின் பல பகுதிகளில் ஏக்கருக்கு ஆண்டுதோறும் 10 டன்னுக்கு மேற்பட்ட மண்ணைப் புழுக்கள் உண்டு மேலே கொணர்கின்றன என்று அவர் கணக்கிட்டார். நீர் நிற்கும் நன்செய்யில் மண்புழு குறைவு. அங்கு இப்பணியின் பெரும்பங்கைக் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள் செய்கின்றன. கூலி கேளாத இவ்வுழைப்பாளிகளுக்குத் தழையும் தாளும் சாணமுமே உணவு.

அவ்வுணவுக்கே நாம் தீயிடலாமா? இயந்திர அறுவடைக்குப் பின் சிதறிக் கிடக்கும் வைக்கோலை அகற்றக் கூலி கட்டுப்படியாகவில்லை என்று சிலர் தீ வைக்கின்றனர். அவர்தம் இடர்ப்பாடு உண்மையே. ஆனால், இழப்பையும் கணக்கிடுதல் வேண்டும். தாளிலுள்ள தழைச்சத்தில் பெரும்பகுதி புகையாய்ப் போகிறது. மேல்மண்ணிலுள்ள உயிர்கள் வெந்து மடிகின்றன. எஞ்சியவை உணவின்றி வாடுகின்றன. புகையாய்ப் போன சத்தையே பின்னர் யூரியாவாக விலை கொடுத்து வாங்குகிறோம்.

இரசாயன உரமே கூடாதென்று நாம் கூறவில்லை. அளவு மிஞ்சலாகாது என்றே கூறுகிறோம். நெல் தரிசில் விதைத்த உளுந்துச் செடியை 30ஆம் நாளில் வேர் அறாமல் எடுத்துக் கழுவிப் பாருங்கள். வேர் முடிச்சைக் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருப்பின், நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குத் தருகின்றன என்பது பொருள். தழைச்சத்து உரம் மிகுந்த மண்ணில் இம்முடிச்சுகள் குறைகின்றன. விலையின்றிக் கிடைப்பதை இழக்கிறோம்.

நாம் செய்யத்தக்கவை அரியன அல்ல. உளுந்து விதைத்த வயலில் தாள் நிற்கட்டும். வெறுந்தரிசாகும் வயலில் கோடை மழை ஈரத்தில் தாளை மடக்கி உழுவோம். நீர் வசதி உள்ள இடத்தில், நடவுக்கு முன்னர் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தறுவாயில், ஏறக்குறைய 45ஆம் நாளில், மடக்கி உழுவோம். பூச்சிமருந்தைத் தேவை கண்ட பின்னரே தெளிப்போம்.

இது தனியொருவர் கடமையன்று. ஒரு வயலில் இட்ட தீ அண்டை வயலையும் பற்றும். சனவரி 26ஆம் நாள் கிராம சபை, சம்பா அறுவடைக் காலத்தையொட்டியே கூடுகிறது. வைக்கோல் கட்டும் இயந்திரத்தைப் பலர் சேர்ந்து வாடகைக்கு அமர்த்த அச்சபையில் முடிவு செய்யலாம். கட்டிய வைக்கோல் மாட்டுக்குத் தீனியாகும். சாணம் எருவாகி வயலுக்குத் திரும்பும். இவ்வாண்டு நம் ஊர் வயல்களில் தீயில்லை என்று ஒவ்வோர் ஊராட்சியும் உறுதி கொள்ளுமாக!