உருகாமல் ஒன்றும் பொடியும் அதற்கொரு தமிழ்ப்பெயரும்

(திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தமிழாசிரியனுக்கு மாழைத் தொழிலில் என்ன வேலை என்று வினவுவார் இருக்கலாம். இன்று நான் பேசப்போவது ஒரு தொழிலின் பெயரைப் பற்றி. பெயரைப் பேசத் தொழிலை அறிந்தாக வேண்டும். ஆகவே முதலில் தொழிலுக்கு வருகிறேன்.

இரும்பு 1538 பாகை செல்சியசில் உருகும், உருக்கி வார்த்துவிடலாம். தங்குதனோ 3422 பாகையில்தான் உருகும். 2024இல் அரிட்டாப்பட்டி மக்கள் தம் மண்ணைக் காக்க எழுந்தபோது செய்தித்தாள்கள் 'டங்சுட்டன்' என்றெழுதிய அதே மாழைதான். அதனை உருக்கி வார்க்கக் கலத்துக்கு எங்கே போவது? பெரும்பாலான கலங்கள் அதற்கு முன்னரே உருகிவிடும். எஞ்சியவை அதனோடு கலந்து அதைக் கெடுக்கும்.

ஆகவே, உருக்காமலேயே உருவாக்கினர். அமெரிக்காவின் செனரல் எலெக்ட்ரிக்கு நிறுவனத்து ஆய்வறிஞர் வில்லியம் கூலிட்சு, நொறுங்காமல் வளைந்து நீளும் தங்குதனை 1910இல் அறிவித்தார். தங்குதன் பொடியை அழுத்திக் கோலாக்கினர். நீரக வளியில் அக்கோலை நிறுத்தி, இரு முனைகளிலும் பிடிகொடுத்து, பெருமின்னோட்டத்தை அதனூடே செலுத்தினர். கோல் 3000 பாகையை அணுகுமளவு சூடேறியது, உருகவில்லை. பொடிமணிகள் தொட்டுக்கொண்டிருந்த இடங்களில் அணுக்கள் நகர்ந்து கழுத்துப்போல் பிணைந்தன; இடைவெளிகள் சுருங்கின; கோலின் நீளமும் ஆறில் ஒரு பங்கு வரை குறைந்தது. பிறகு சூட்டோடு அடித்து நீட்டிக் கம்பியாக இழுத்தனர். பல்லாண்டுகள் நம் வீடுகளில் எரிந்த மின்குமிழின் இழை இப்படி வந்ததே.

இன்று இந்நுட்பம் மேலும் வளர்ந்துள்ளது. எழுதுகோலுக்குள் இருக்கும் கரியின் இனமான கிராபைட்டால் ஆன குழலச்சில் பொடியை இட்டு, மேலும் கீழும் தண்டுகளால் அழுத்தியவாறே, வெற்றிடத்தில், துடிப்புத் துடிப்பான மின்னோட்டத்தைச் செலுத்துகின்றனர். மின்னழுத்தம் பத்து வோல்ட்டு அளவே. மின்னோட்டமோ ஆயிரக்கணக்கான ஆம்பியர். பொடி மின்கடத்துமாயின் அதனுள்ளும் பாய்ந்து சூடேற்றும். கடத்தாதாயின் அச்சு சூடேறி அச்சூட்டைப் பொடிக்குத் தரும். பழைய உலையில் மணிக்கணக்கில் நடந்தது இங்கு மணித்துளிக் கணக்கில் முடிகிறது. நெடுநேரம் சூட்டில் கிடந்தால் பொடிமணிகள் ஒன்றையொன்று விழுங்கிப் பருத்துவிடும். விரைவில் முடிந்தால் நுண்மை கெடாது. மூவாயிரம் பாகைக்கு மேல் உருகும் சிர்க்கோனியம்-போரான் சேர்மத்தையும் ஆபினியம்-கரிமச் சேர்மத்தையும் இவ்வாறே திண்மையாக்குகின்றனர்.

இனிப் பெயருக்கு வருவோம். சப்பானியரான கியோசி இனோவே 1960களில் இத்துறையில் காப்புரிமைகள் பெற்றார். 1990 அளவில் இக்கருவி அந்நாட்டில் விற்பனைக்கு வந்தபோது ஆங்கிலத்தில் 'பொறி' என்றும் 'பிளாசுமா' என்றும் பெயரில் சேர்த்தார்கள். பொடிமணிகளுக்கிடையே மின்பொறி பறக்கிறது, வளி மின்மமாகிறது என்பது அவர்கள் கருத்து. பின்னர் ஆய்வாளர்கள் தேடினர். 2008இல் அமெரிக்க ஆய்வுக்குழு ஒன்று பலவகையாகச் சோதித்தும் மின்மத்தைக் காணவில்லை. பெயரோ ஒட்டிக்கொண்டது.

இந்நிலையில் நம் சொல்லாக்கத் தோழர் சிலர் 'பொறிமின்மப் பிணைப்பு' என்று மொழிபெயர்க்க முனைகின்றனர். பிறரது பிழையை நாமேன் தமிழில் எழுதிக் காக்க வேண்டும்? ஆங்கிலேயன் பெயரைப் பாராமல் தொழிலைப் பார்த்தால் சொல் தானே வரும். 'சுடுமண்' என்கிறோம்; 'உருகுமண்' என்கிறோமா? சூளையில் களிமண்ணின் சிறு பகுதி உருகிப் பிணைப்பதுண்டு. ஆயினும் பானை உருகிச் சரிவதில்லை, சுடப்பட்டு இறுகுகிறது. எனவே பொடியைச் சூட்டால் இறுக்கும் தொழிலுக்குச் 'சுட்டிறுக்கம்' என்பேன். மின்னோட்டத்தால் செய்வது 'மின்சுட்டிறுக்கம்'. 'சிட்டங்கட்டல்' என்ற வழக்கும் உண்டு. சிட்டம் என்பது உலையின் கழிவு. நற்பொருளுக்கு அப்பெயர் ஒவ்வாது என்பது என் துணிபு.

பிணையும் இடத்தில் தோன்றும் அக்கழுத்துக்கும், இறுகியபின் உள்ளே எஞ்சும் நுண்துளைக்கும் இன்னும் நல்ல சொற்கள் வேண்டும். குயவரும் செங்கற்சூளைத் தொழிலாளரும் 'சரியாக வேகாதது', 'முற்ற வெந்தது' என்பவற்றுக்குத் தத்தம் ஊரில் என்ன சொல் வழங்குகின்றனர் என்று கேட்டெழுதி, அடுத்த திங்கட் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.