டை கட்டிய தேன்சிட்டு

செங்கத்திலிருந்து பரமனந்தல் வழியாக ஜமுனாமரத்தூர் போகிறவர்கள், மலை ஏறுமுன் எங்காவது டீ குடிக்க நிற்பீர்கள். டீ ஆறுவதற்குள் பக்கத்து முருங்கையை ஒரு பார்வை பாருங்கள். பூவுக்குப் பூ தாவுமே, நாலு அங்குலம்கூடத் தேறாத ஒரு குருவி, அதுதான் தேன்சிட்டு.

நம் பக்கம் இரண்டு வகை சாதாரணம். ஒன்று ஊதாத் தேன்சிட்டு. நிழலில் ஆண் வெறும் கறுப்பு. வெயில் பட்டால் ஊதாவும் நீலமுமாக மின்னும். இன்னொன்று ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு. ஆணுக்கு அரக்கு நிற முதுகு, மஞ்சள் வயிறு. பெண்களைப் பிரிக்கத் தொண்டையைப் பாருங்கள்: வெளுப்பாக இருந்தால் ஊதாப்பிட்டு, மஞ்சளாக இருந்தால் ஊதா.

பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்திய காலத்தில் ஓர் ஐப்பசி மாதம், வயிறு மஞ்சளாக, தொண்டையிலிருந்து கீழே கறுப்புக் கோடு ஓடுகிற சிட்டு ஒன்றைப் பார்த்தேன். "சார், டை கட்டியிருக்கு!" என்றான் ஒரு பையன். மூன்றாவது வகை என்று கரும்பலகையிலேயே எழுதிவிட்டேன்! பிறகுதான் தெரிந்தது, அது ஊதா ஆணேதான். இனப்பெருக்கம் முடிந்ததும் பளபளப்பைக் கழற்றி வைத்துவிடும். மிச்சம் அந்த டை மட்டும். ஊதாப்பிட்டு ஆணுக்கு இந்த வேலை கிடையாது. வருஷம் முழுக்க மாப்பிள்ளைக் கோலம்தான்.

இதைவிட ஆச்சரியம், அமெரிக்கக் கண்டங்களில் டானேஜர் என்றொரு பறவைக் குடும்பம் இருக்கிறது. அதில் ஹனிக்ரீப்பர்கள் வளைந்த அலகால் தேன் குடிக்கின்றன. நம் சிட்டுக்கு அவை நெருங்கிய சொந்தம் இல்லை. ஆனாலும் செங்கால் ஹனிக்ரீப்பர் ஆண், இனப்பெருக்கம் முடிந்ததும் கருநீலத்தை விட்டுப் பச்சைக்கு மாறிவிடும். கடல் தாண்டியும் அதே பழக்கம், பாருங்கள்.

கூட்டைப் பற்றிச் சொல்லாமல் போனால் என் வீட்டு அம்மாள் விடமாட்டார். எங்கள் கொல்லையில் துணிக்கொடி நுனியில் ஊதாப்பிட்டுப் பெண் கட்டியது. சிலந்தி நூல், பட்டைத் துணுக்கு, கம்பளிப்புழு எச்சம் எல்லாம் சேர்த்து ஒரு தொங்கு பை. பக்கவாட்டில் வாசல், அதற்கு மேலே சின்னத் தாழ்வாரம். ஏதோ குப்பை தொங்குகிறது என்று பிய்க்கப் போன என் கையை அவர்தான் தட்டிவிட்டார். அதோடு துணி காயப்போட வேறு கொடி கட்டினோம்.

கண்ணாடியைக் கொத்துகிற பழக்கமும் சிட்டுக்கு உண்டு. உங்கள் பைக் கண்ணாடியில் ஒரு சிட்டு தன் நிழலோடு சண்டை போட்டால், கைக்குட்டையால் கண்ணாடியை மூடிவிடுங்கள். அப்படியே அதற்கு டை இருக்கிறதா என்றும் பார்த்து, வானொலி நிலையத்துக்கு ஒரு கார்டு போடுங்கள்.